33 வீடு, 54 வருஷம், ஒரு கணக்குப் புத்தகம்: மோர்பாத் பாரிஷோட கதை

எட்டாம் ஹென்றி கல்யாணப் பிரச்சனையில போப்பாண்டவரோட உறவை அறுத்துக்கிட்டாருன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், சரி, ஆனா லண்டன்ல இருந்து ரொம்ப தூரத்துல ஒரு குக்கிராமத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த சனங்களுக்கு இதனால என்ன ஆச்சு, அதை யாராவது எழுதி வெச்சிருக்காங்களா, ஒரு சின்ன பாரிஷுக்குன்னு தனியா வரலாறு இருக்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க. முடியும். அதுக்கு நான் எப்பவும் காட்டுற ஊர் மோர்பாத். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

மோர்பாத் இங்கிலாந்தோட தென்மேற்குல டெவன் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கு, வடக்கு ஓரத்துல, எக்ஸ்மூர் மேட்டு நிலத்துக்கு தெற்கு விளிம்புல, பாம்ப்டன்னு ஒரு சின்ன டவுன் பக்கம். தாண்டினா அடுத்த கவுண்டி சாமர்செட் வந்துடும். 16ம் நூற்றாண்டுல அங்க இருந்தது 33 குடும்பம், ஆளுங்கன்னு பார்த்தா 150 பேர் போல. மழை அதிகம், சரிவு நிலம், கோதுமைக்கு சுமாரான மண்ணு, அதனால பிழைப்பு பெரும்பாலும் ஆட்டை நம்பித்தான். ராஜா வந்து தங்கின ஊரும் இல்ல, பேர் சொல்ற மாதிரி பெரிய மனுஷன் பொறந்த ஊரும் இல்ல. பெரிய பண்ணையார் வீடுகூட ஊருக்குள்ள கிடையாது, நிலத்துக்கு சொந்தக்காரங்க பார்லின்ச்னு பக்கத்துல இருந்த ஒரு சின்ன மடத்துத் துறவிங்க.

அப்புறம் எதுக்கு இந்த ஊரைப் பத்தி இவ்வளவு பேச்சு? ஒரே காரணம் அங்க இருந்த பாதிரியார். கிறிஸ்டோபர் ட்ரைகே. அந்தக் காலத்துல பாதிரியார்களை மரியாதைக்கு சர்னு கூப்பிடுவாங்க, அதனால சர் கிறிஸ்டோபர். 1520ல இந்த ஊருக்கு வந்தவர் 1574ல சாகுற வரைக்கும் இங்கயேதான் இருந்தார், 54 வருஷம். ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத்னு நாலு ஆட்சி பார்த்தவர். லத்தீன்ல பூசை வெச்சு ஆரம்பிச்சு, இங்கிலீஷ் வழிபாடு நடத்தி, திரும்ப லத்தீனுக்குப் போயி, மறுபடி இங்கிலீஷுக்கு வந்து, எல்லாத்தையும் அதே பீடத்துல நின்னு பண்ணினார். அவ்வளவு வருஷமும் கோயில் வரவு செலவை அவர் கைப்பட எழுதி வெச்சிருக்கார். அந்தப் புத்தகம் இன்னைக்கும் இருக்கு.

பாரிஷ்னா என்னன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன், இது புரியலைன்னா மீதி புரியாது. கத்தோலிக்க வீட்டுல வளர்ந்தவங்களுக்கு பங்குன்னா சட்டுனு விளங்கும், ஒரு கோயில், அதுக்கு ஒரு எல்லை, அதுக்குள்ள இருக்குற சனம். ஆனா அந்தக் கால இங்கிலாந்துல எல்லாருமே ஒரே சபைங்கறதால, நீங்க எந்த பாரிஷ் எல்லைக்குள்ள பொறந்தீங்களோ அதுல நீங்க இருந்தே ஆகணும், விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு அந்தக் கோயிலுக்குக் கொடுத்தே ஆகணும், சாகும்போது அந்தக் கல்லறைத் தோட்டத்துலதான் இடம். கோயில் கட்டடத்துல பீடம் இருக்குற பகுதியைப் பராமரிக்கிறது ரெக்டர், அதாவது அந்தப் பத்துல ஒரு பங்கை வாங்கறவர், அவரோட பொறுப்பு, சனங்க நிக்கிற பகுதியும் கோபுரமும் மணியும் ஊர்க்காரங்க பொறுப்பு. ஓடு உடைஞ்சா, மணிக்கயிறு அறுந்தா, மெழுகு தீர்ந்தா ஊரு காசு போடணும். காசுன்னு வந்தா கணக்கு வேணும், கணக்கு கேட்க ஆள் வேணும், பொறுப்புக்கு வார்டன்னு ஒரு கோயில் நிர்வாகி வேணும். இங்க இருந்துதான் ஊர் தன்னைத்தானே நிர்வாகம் பண்ற பழக்கம் வளருது.

மோர்பாத்ல இது எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. கோயில் புனித ஜார்ஜ் பேர்ல. அவர் தவிர மாதா, புனித அந்தோணியார், இன்னும் சில புனிதர்கள் சுரூபம், அதாவது சிலை, உள்ள இருந்துச்சு. ஒவ்வொரு சுரூபத்துக்கு முன்னாடியும் மெழுகுதிரி எரியணும், அதுக்கு ஒவ்வொருத்தருக்கும் தனி நிதி, அதை ஸ்டோர்னு சொல்வாங்க. அந்த நிதி பெரும்பாலும் காசா இருக்காது, ஆடா இருக்கும். யாராவது சாகும்போது ஒரு ஆட்டை மாதாவுக்குன்னு எழுதி வெச்சுட்டுப் போவாங்க, அந்த ஆடு ஊர்ல ஒருத்தர் மந்தையோட சேர்ந்து மேயும், வருஷம் ஒரு தடவை கம்பளி கத்தரிச்சு வித்து காசு மாதா கணக்குல ஏறும். இந்த சாமி ஆடு யார் வீட்டுல எத்தனை இருக்கு, எது குட்டி போட்டுச்சு, எது செத்துச்சுன்னு வருஷா வருஷம் கணக்கு. ஒருத்தர் தேனீக் கூட்டத்தையே கோயில் விளக்குக்குன்னு கொடுத்திருக்கார்.

இதுக்கு மேல வாலிபர்களுக்கு தனியா ஒரு ஸ்டோர், கல்யாணம் ஆகாத பெண்களுக்கு தனியா ஒரு ஸ்டோர். அவங்களே வார்டன் தேர்ந்தெடுப்பாங்க, அவங்களே வசூல் பண்ணுவாங்க, அவங்களே சபை முன்னாடி நின்னு கணக்கு ஒப்படைப்பாங்க. இந்த இடத்தை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். ஓட்டுரிமைன்னா என்னன்னே தெரியாத காலத்துல பதினாறு பதினேழு வயசுப் பொண்ணு ஒருத்தி ஊர் முன்னாடி நின்னு இவ்வளவு வசூலாச்சு, மெழுகுக்கு இவ்வளவு போச்சு, மீதி இவ்வளவுன்னு சொல்றா. குடும்பத் தலைவியா இருந்த விதவைங்களும் முறை வரும்போது பெரிய வார்டனா இருந்திருக்காங்க.

பெரிய வருமானம்னு பார்த்தா சர்ச் ஏல். கோயில் பக்கத்துல இருந்த சர்ச் ஹவுஸ்ல ஊர் சார்பா பீர் காய்ச்சி, விருந்து வெச்சு, பக்கத்து ஊர்க்காரங்களையும் கூப்பிட்டு விக்கிறது, லாபம் கோயிலுக்கு. வார்டன்கள் ஒண்ணு நடத்துவாங்க, வாலிபர்கள் தனியா ஒண்ணு நடத்துவாங்க. இப்படி வர்ற காசை கையில வெச்சிருக்க ஐந்து பேர்னே பேர் வெச்சு ஒரு கமிட்டி. வார்டன் கையில காசு தீர்ந்துட்டா இவங்கதான் எடுத்துக் கொடுக்கணும், வெளி வழக்கு, வரி, பாலம் ரிப்பேர்னு வந்தாலும் இவங்கதான்.

ட்ரைகேக்கு ரொம்பப் பிடிச்ச புனிதை சிட்வெல். டெவனோட பெரிய நகரம் எக்ஸெட்டர், அதுக்குப் பக்கத்து கன்னிப்பெண், சித்தி சொத்துக்கு ஆசைப்பட்டு அறுவடை ஆளுங்களை வெச்சு அரிவாளால வெட்டிக் கொன்னுட்டான்னு கதை. இந்த ஊருக்கு வந்த உடனே அவர் சிட்வெல் சுரூபம் ஒண்ணு கோயில்ல வெச்சார். கொஞ்ச வருஷத்துல ஊர் சனங்களுக்கும் அவமேல ஒரு இது வந்துடுச்சு, ஜெபமாலை எழுதி வைக்கிறாங்க, கல்யாண மோதிரம் கொடுக்கிறாங்க, அந்த வெள்ளியெல்லாம் சேர்த்து சுரூபத்துக்கு வெள்ளிச் செருப்பு செஞ்சு போடறாங்க.

1534 நவம்பர்ல திருட்டு நடக்குது. அதை ட்ரைகே எழுதியிருக்குற விதமே தனி. திருடன் ஏணி கொண்டாந்து கோயில் கூரைமேல ஏறி, ஏணியை கையோட மேல இழுத்துக்கிட்டு, அதை கோபுர ஜன்னல்ல சாத்தி, ஜன்னலை உடைச்சு, மணிகள் இருக்குற இடம் வழியா உள்ள இறங்கி, பூசைப் பாத்திரத்தையும் சிட்வெல்லோட வெள்ளிச் செருப்பையும் எடுத்துட்டுப் போயிட்டான். போலீஸ் எஃப்ஐஆர்கூட இவ்வளவு தெளிவா இருக்காது. அடுத்து என்ன ஆச்சுங்கறதுதான் இன்னும் பெருசு, ஊர் வாலிபர்களும் பெண்களும் தாங்களாவே ஒண்ணு சேர்ந்து வசூல் பண்ணி, ஊர்ப் பணத்துல ஒரு காசு தொடாம, புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்துட்டாங்க. அதை அவர் எழுதும்போது பெருமை தாங்கலைன்னு வரியிலயே தெரியுது.

எல்லாம் ஒத்துமையா இருந்தாங்கன்னு நினைச்சுக்காதீங்க. கோயில் குட்டி, அதாவது பாரிஷ் கிளார்க், அவருக்கு சம்பளம் யார் எவ்வளவு கொடுக்கறதுங்கறதுல வருஷக்கணக்கா சண்டை. வீட்டுக்கு இத்தனை தானியம், இத்தனை காசுன்னு ஒரு பழைய வழக்கம், நான் ஏன் அவனளவு கொடுக்கணும்னு சிலர் மறுக்க, ஆளே கிடைக்காத நிலைமை வந்து, கடைசியில சமாதானம் பேச ஆள் வெச்சு, யார் யாருக்கு என்ன பங்குன்னு 1530கள்ல ஒரு முடிவுக்கு வந்தாங்க. அந்த ஒப்பந்தத்தை ட்ரைகே கணக்குப் புத்தகத்துலயே முழுசா எழுதி வெச்சுட்டார், நாளைக்கு ஒருத்தன் இல்லைன்னு சொல்லக்கூடாதுல்ல. அவருக்கு ஊர்ல பகை ஆகவே ஆகாது. எதுவா இருந்தாலும் எல்லாரும் ஒத்துக்கிட்டு ஒரே மனசா முடிவு எடுக்கணும்னு திரும்பத் திரும்ப எழுதுவார்.

இப்ப நீங்க கேட்ட விஷயத்துக்கு வரேன். லண்டன்ல சட்டம் மாறுறது இந்த 33 வீட்டுக்கு எப்படி வந்து சேருது? முதல்ல வந்தது 1536, சின்ன மடங்களையெல்லாம் மூடறாங்க, பார்லின்ச் மடமும் போச்சு. ஊருக்கு நிலச் சொந்தக்காரங்க மாறிட்டாங்க. அந்த மடத்துக் கோயில்ல இருந்த ஒரு கண்ணாடி ஜன்னல் மட்டும் அடுத்த வருஷம் மோர்பாத் கோயிலுக்கு வந்து சேருது, மன்னரோட அதிகாரி ஹ்யூ பாலட் கொடுத்தது. இடிக்கிற இடத்துல இருந்து கிடைச்சதை ஊர்க்காரங்க பத்திரமா கொண்டாந்து மாட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

1538 தான் உண்மையான அடி. அந்த வருஷம் ஹென்றியோட மந்திரி தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவுல மூணு விஷயம் இருக்கு. சுரூபங்களுக்கு முன்னாடி மெழுகுதிரி ஏத்தறதை நிறுத்தணும், கோயிலுக்கு ஒரு இங்கிலீஷ் பைபிள் வாங்கணும், ஞானஸ்நானம் கல்யாணம் அடக்கம் மூணையும் ரிஜிஸ்டர் போட்டு எழுதணும். மூணாவது உத்தரவாலதான் இன்னைக்கு இங்கிலாந்துல சாதாரண விவசாயி குடும்பம்கூட 400 வருஷம் பின்னாடி போயி தாத்தனுக்குத் தாத்தன் பேரைத் தேட முடியுது. முதல் உத்தரவு மோர்பாத்துல என்ன பண்ணுச்சுன்னா, விளக்கு இல்லைன்னா விளக்குக்கான நிதி எதுக்கு, நிதி இல்லைன்னா அதுக்கு வார்டன் எதுக்கு, கணக்கு ஒப்படைக்கிற அந்தப் பொண்ணுங்க எதுக்கு? ஒரே உத்தரவுல ஸ்டோருங்க ஒவ்வொண்ணா அடங்க ஆரம்பிச்சுது. இங்கிலாந்து மதச் சீர்திருத்தத்தை இறையியல் சண்டையா மட்டும் பார்க்கிறவங்க இதை கவனிக்கிறதே இல்ல. கிராமத்துல போனது நம்பிக்கை மட்டும் இல்ல, சனங்க கையில இருந்த நிர்வாகமும் சேர்ந்து போச்சு.

கறுப்பு உடுப்போட கதையைச் சொல்லியே ஆகணும். இறந்தவங்களுக்கு வைக்கிற பூசைக்குக் கறுப்பு வெல்வெட்ல நல்ல பூசை உடுப்பு ஒரு செட் வாங்கணும்னு ட்ரைகேக்கு ஆசை. ஏழைப் பங்கு, எங்க போறது? கோயில் ஆடுகளோட கம்பளியில தனக்கு வரவேண்டிய பத்துல ஒரு பங்கை எடுத்துக்காம அதை அப்படியே இந்த உடுப்புக் கணக்குல சேர்த்து வெச்சார். சாகுறவங்க சிலர் இதுக்குன்னு கொஞ்சம் எழுதி வெச்சாங்க. இப்படி ஏறக்குறைய இருபது வருஷம். 1547ல ஒரு வழியா வாங்கிட்டாங்க, 6 பவுண்ட் 5 ஷில்லிங். அவர் சேர்க்க ஆரம்பிச்ச காலத்துல கூலிக்காரனுக்கு நாளைக்கு 4 பென்ஸ் போலத்தான் கூலி, அந்தக் கணக்குல பார்த்தா ஒரு ஆள் வருஷம் முழுக்க லீவே இல்லாம உழைச்சாலும் வராத காசு. அதே 1547 ஜனவரியில ஹென்றி செத்து, ஒன்பது வயசுப் பையன் எட்வர்ட் பேர்ல தீவிர புராட்டஸ்டன்ட் ஆளுங்க ஆட்சிக்கு வந்திருந்தாங்க. இறந்தவங்களுக்குப் பூசையே கூடாதுன்னு ஆக ரொம்ப நாள் ஆகலை. இருபது வருஷம் சேர்த்து வாங்கின உடுப்பைப் போடவே கூடாதுன்னு ஆயிடுச்சு.

அடுத்த ரெண்டு வருஷத்துக் கணக்கைப் படிக்கவே கஷ்டமா இருக்கும். சாமி ஆடுகளை வித்துடறாங்க. ஸ்டோர் எல்லாம் முடிஞ்சுபோச்சு. 1548ல பெரிய வார்டனா இருந்தது லூசி ஸ்கீலின்னு ஒரு பெண், அவங்க பொறுப்புல இருந்த வருஷத்துலதான் இந்த வித்துத் தீர்க்கிற வேலை பெரும்பாலும் நடக்குது. சர்ச் ஏல் நின்னுபோச்சு, சர்ச் ஹவுஸ் வாடகைக்குப் போச்சு. பூசை உடுப்புகளை ஊர்க்காரங்க வீடுகள்ல பிரிச்சு வெச்சாங்க. வருமானம் வர்ற வழியெல்லாம் அடைஞ்சு, ஆனா செலவு மட்டும் குறையலை, புதுப் புத்தகம் வாங்கணும், அதிகாரிங்க விசாரணைக்குக் கூப்பிட்டா எக்ஸெட்டருக்கோ வேற ஊருக்கோ போக வர செலவு, சுவருக்கு வெள்ளையடிக்கிற செலவு. பத்து வருஷம் முன்னாடி கையில எப்பவும் காசு வெச்சிருந்த பாரிஷ் கடன்ல விழுந்துது.

இந்த நேரத்துல அரசாங்கம் ஆட்டுக்கு வரி போடுது. 1549ல வந்த சட்டம் அது, ஊர் ஊரா ஆடு எண்ணணும். ஆட்டை நம்பிப் பிழைக்கிற டெவன் மேட்டு நிலத்துல இதைப் போய் பண்ணினா எப்படி இருக்கும்? அதோட சேர்த்து, ஜூன் 9 ஞாயித்துக்கிழமை பெந்தெகோஸ்தே திருநாள்ல இருந்து நாடு முழுக்க லத்தீன் பூசை கூடாது, புது இங்கிலீஷ் ஜெபப் புத்தகம்தான்னு உத்தரவு. மறுநாளே டெவன்ல சாம்ஃபோர்ட் கோர்ட்னேங்கிற கிராமத்துல சனங்க பாதிரியாரை வழிமறிச்சு பழைய பூசைதான் வைக்கணும்னு நின்னுட்டாங்க. அங்க பத்திக்கிட்டது பக்கத்து கவுண்டி கார்ன்வால்ல இருந்து கிளம்பின கூட்டத்தோட சேர்ந்து பெரிய கலகமாகி, ஜூலை 2ல இருந்து ஆகஸ்ட் 6 வரைக்கும் எக்ஸெட்டர் நகரத்தையே முற்றுகை போட்டுட்டாங்க.

மோர்பாத் கணக்குல அந்த வருஷத்துச் செலவுல ஐந்து வாலிபர் பேர் வருது. வில்லியம் ஹர்லி, தாமஸ் போரேஜ், ஜான் டைம்வெல், கிறிஸ்டோபர் மோர்ஸ், ராபர்ட் சேயர். செயின்ட் டேவிட்ஸ் டவுன் முகாமுக்குப் போக அவங்களுக்கு ஊர் கொடுத்த காசு. ஆளுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ்னு அதுல வருது. செயின்ட் டேவிட்ஸ் டவுன் எக்ஸெட்டர் மதில் சுவருக்கு வெளிய இருக்குற மேடு, முற்றுகை போட்ட கலகக்காரங்க முகாம் அடிச்ச இடம். அதாவது இந்த சாதுவான ஊரு, சண்டையே ஆகாதுன்னு சொல்ற பாதிரியார் இருக்குற ஊரு, தன் வாலிபர்களை ஊர்ச் செலவுல ராஜாவுக்கு எதிரா அனுப்பியிருக்கு. அதை ஒளிக்காம செலவுக் கணக்குலயும் எழுதியிருக்கு. ஏன்னா அது ஒரு தனி ஆளோட கோபம் இல்ல, ஊர் கூடி எடுத்த முடிவு, ஊர் முடிவுக்கு ஆன செலவு ஊர்க் கணக்குலதானே வரணும். இந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் புத்தகத்தை நூறு தடவை படிக்கலாம்னு நான் சொல்வேன். கலகத்தைப் பத்தி அரசாங்கம் எழுதினது நிறைய இருக்கு, எக்ஸெட்டர் நகரத்துக்காரங்க எழுதினது இருக்கு, ஆனா ஆள் அனுப்பின கிராமத்தோட பக்கத்துல இருந்து பார்க்கிறது ரொம்ப அபூர்வம்.

கலகம் என்ன ஆச்சுன்னு கேட்டா, அரசாங்கப் படைத்தலைவர் லார்ட் ரசல் இத்தாலி, ஜெர்மனி கூலிப்படையையும் சேர்த்துக்கிட்டு வந்து அடிச்சு நொறுக்கிட்டார். க்ளிஸ்ட் செயின்ட் மேரி, க்ளிஸ்ட் ஹீத், இப்படி ஒவ்வொரு இடமா சண்டை நடந்து, கடைசியா ஆகஸ்ட்ல, கலகம் ஆரம்பிச்ச அதே சாம்ஃபோர்ட் கோர்ட்னேயிலயே முடிஞ்சுது, செத்தவங்க ஆயிரக்கணக்குல. எக்ஸெட்டர் செயின்ட் தாமஸ் பாரிஷ் பாதிரியாரைப் பூசை உடுப்போடவே அவரோட கோயில் கோபுரத்துலயே தூக்குல தொங்கவிட்டாங்க. ட்ரைகேக்கும் அது நடந்திருக்கலாம். நடக்கலை. அவர் தன் ஊர்லயே இங்கிலீஷ் புத்தகத்துல இருந்து ஜெபம் சொல்லி, அடுத்த வருஷக் கணக்கை எழுத ஆரம்பிச்சார்.

1553ல எட்வர்ட் செத்து, கத்தோலிக்கரான மேரி ராணி ஆனதும் பழசு திரும்புது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஊர் வீடுகள்ல இருந்து ஒளிச்சு வெச்சதெல்லாம் வெளிய வர ஆரம்பிக்குது. ஒருத்தர் பூசைப் புத்தகம் கொண்டாறார், ஒருத்தர் படம் வரைஞ்ச துணி கொண்டாறார், பாடுபட்ட சுரூபத்தோட, அதாவது சிலுவையில தொங்குற இயேசு சிலையோட, இருந்த மர உருவங்கள் வருது. வித்துட்டோம், போயிடுச்சுன்னு கணக்குல இருந்ததுல கொஞ்சம் பரண்லயும் பெட்டியிலயும் பத்திரமா தூங்கியிருக்கு. கொண்டு வந்து கொடுத்தவங்க பேரை எல்லாம் ட்ரைகே சந்தோஷமா எழுதி வெச்சிருக்கார். சர்ச் ஏல் திரும்ப வந்துது, கடன் அடைஞ்சுது. ஆனா பழைய ஸ்டோர்கள், சாமி ஆட்டு மந்தை, பொண்ணுங்க நிதி, அதெல்லாம் பழையபடி வரலை. அறுந்ததை முடிச்சுப் போட அஞ்சு வருஷம் பத்தாது.

1558ல புராட்டஸ்டன்ட் ராணி எலிசபெத். மறுபடி எல்லாம் தலைகீழ். இந்தத் தடவை ஊரு எதிர்க்கலை. ட்ரைகேக்கு வயசாச்சு, கண்டிப்பா அவர் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எல்லாருக்கும் கேட்கத் தோணும், சிலர் அவரைப் பச்சோந்தின்னுகூடச் சொல்லுவாங்க. நான் அப்படி நினைக்கலை. அவர் சத்தியம் பண்ணிக்கொடுத்தது ஒரு ஊருக்கு. அவர் வேலையை விட்டுட்டுப் போயிருந்தா வர்ற ஆள் யாரோ, இந்த சனங்களோட செத்தவங்க பேரு தெரியாதவன், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பகைன்னு தெரியாதவன். அவர் இருந்தார். புது கம்யூனியன் புத்தகம் வாங்கினதையும் பைபிள்ல வர்ற சங்கீதங்களோட புத்தகம் வாங்கினதையும் அதே அக்கறையோட, அதே கையெழுத்துல எழுதினார். சின்ன வயசுல அவர் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைங்க பேரன் பேத்தி எடுத்து வார்டனா நின்னு கணக்கு கொடுக்கறதை அவரே எழுதியிருக்கார்.

அதுக்கப்புறம் வந்த நூற்றாண்டுகளை வேகமா சொல்லிடறேன், ஏன்னா இங்க இருந்து மோர்பாத் கதை இங்கிலாந்துல மத்த கிராமங்களோட கதைதான். எலிசபெத் காலத்துலயே பாரிஷ் தலையில அரசாங்க வேலை ஏற ஆரம்பிச்சுது, படைக்கு ஆயுதம், பாலம், கைதிகளுக்கு சாப்பாடு. 1601 சட்டப்படி ஊர் ஏழைங்களுக்குச் சோறு போடறதும் பாரிஷ் பொறுப்பு, அதுக்கு வீட்டு வரி வசூலிக்க தனி ஓவர்சியர். 1662 சட்டம் வந்தப்புறம் வெளியூர் ஏழை வந்தா இவன் எங்க பாரிஷ் ஆளு இல்லைன்னு திருப்பி அனுப்பலாம். ஆட்டைக் கொடுத்து விளக்கு ஏத்தின அமைப்பு, வரி போட்டு ஆளைத் துரத்தற அமைப்பா மாறின கதை இது. 1834ல ஏழைங்க பொறுப்பை பல பாரிஷ் சேர்ந்த யூனியன்களுக்கு மாத்திட்டாங்க, 1894ல கோயிலுக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் இருந்த முடிச்சை அவுத்து தேர்தல் வெச்ச பாரிஷ் கவுன்சில் வந்துது. மோர்பாத்துக்கு 1873ல ரயில் வந்துது, டான்டன்ல இருந்து பார்ன்ஸ்டேபிள் போற லைன், 1966ல அதை மூடியும் ஆச்சு. 19ம் நூற்றாண்டு கடைசிப் பகுதியில பட்டர்ஃபீல்டுன்னு பிரபலமான கட்டடக்கலைஞர் கோயிலைப் புதுப்பிச்சார், இப்ப கோபுரத்துக்கு மேல இருக்குற சேணம் மாதிரி சாய்வுக் கூரை அந்தக் காலத்து வேலை. உள்ள போயிப் பார்த்தா ட்ரைகே பார்த்த கோயில்ல கொஞ்சம்தான் மிச்சம்.

இந்த ஒரு கணக்குப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்புன்னு இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு கிராமத்து வரலாறு எழுத சாதாரணமா உயில்கள்தான் பெரிய ஆதாரம், செத்தவன் வீட்டுல என்ன இருந்துச்சு, யாருக்குக் கொடுத்தான், எந்தப் புனிதரை நம்பினான்னு எல்லாம் அதுல வரும். டெவன் கவுண்டி உயில்கள் எக்ஸெட்டர்ல சேர்த்து வெச்சிருந்தது 1942 மே மாசம் ஜெர்மன் குண்டுவீச்சுல எரிஞ்சு சாம்பலாயிடுச்சு. ஆயிரக்கணக்கான விவசாயிங்க கடைசியா பேசின வார்த்தை ஒரே ராத்திரியில போச்சு. அதனால அந்த ஊர்ப் பக்கத்து வரலாறு எழுதறவங்க கோயில் கணக்கு, ரிஜிஸ்டர், பண்ணைக் கோர்ட் ஆவணம்னு கிடைச்சதை வெச்சுத்தான் ஓட்டணும், அதுல மோர்பாத் புத்தகம் மாதிரி ஒரு மனுஷனோட குரல் கேக்குற ஆவணம் வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நீங்களே பார்க்கணும்னா, 1904ல ஒரு பாதிரியார் பழைய கையெழுத்தைப் படிச்சு இந்தக் கணக்கை முழுசா அச்சுல கொண்டு வந்தார், அது காப்பிரைட் முடிஞ்ச பழைய பதிப்பு. மூலப் பிரதி எக்ஸெட்டர்ல கவுண்டி ஆவணக் காப்பகத்துல இருக்கு. முதல் பக்கத்தைத் திறந்ததும் பயந்துடாதீங்க. ஸ்பெல்லிங் கன்னாபின்னான்னு இருக்கும், டெவன் பேச்சு அப்படியே எழுத்துல வரும், ரோமன் எண்ல காசுக் கணக்கு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஒரே டைம்வெல் குடும்பப் பேர்ல பல ஆளுங்க வேற வருவாங்க, எந்தப் பண்ணை ஆளுன்னு சேர்த்துப் படிச்சாத்தான் பிரிச்சுத் தெரியும். எனக்கு உதவின வழி ஒண்ணுதான், கண்ணால மட்டும் படிக்காம வாய்விட்டு சத்தமா படிங்க. ட்ரைகே அதை எழுதினதே வருஷத்துக்கு ஒரு தடவை ஊரைக் கூட்டி எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டத்தான், எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அதைக் கேட்டுத்தான் ஆமா சரின்னு சொல்லணும். 1534 திருட்டுல ஆரம்பிங்க, அது புரிஞ்சுதுன்னா 1549க்குப் போங்க. எங்கயாவது சிக்கினா வரியைப் போட்டுக் கேளுங்க, சேர்ந்து படிச்சுப் பார்க்கலாம்.